அப்பாவோட பிரஸ்ஸில் ஒரு பேரிங் போனா, உங்க எமர்ஜென்சி ஃபண்ட் ஏன் காலியாகுது?



அக்டோபர் மாசம். நீங்க பெங்களூரிலோ சென்னையிலோ ஆபீஸ் மீட்டிங்கில் இருக்கீங்க. சிவகாசியிலிருந்து அப்பா போன். "தம்பி, மிஷின் நின்னுபோச்சு. தீபாவளி லேபிள் பாதியில கிடக்கு. ஒரு லட்சம் இருந்தா போட்டு விடு, அடுத்த மாசம் திருப்பிடலாம்."

நீங்க போட்டு விடுவீங்க. யோசிக்கக்கூட மாட்டீங்க. மூணு வருஷமா மாசம் மூவாயிரமா சேர்த்த எமர்ஜென்சி ஃபண்ட் அன்னைக்கு சாயங்காலமே காலி. அது பத்தலைன்னா ஆப்பில் ரெண்டு தட்டு தட்டினா பர்சனல் லோன்.

இந்த வீடியோவுக்கு நேரம் பத்தாததால், கணக்கோடு சேர்த்து முழுசா இங்கே எழுதுறேன். நம்ம விருதுநகர் மாவட்டத்துப் பிள்ளைகளில் நிறைய பேர் மாசச் சம்பளத்துக்குப் போயாச்சு. ஆனா வீட்டில் ஒரு மிஷின் இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. சிவகாசியில் ஆப்செட் பிரஸ், விருதுநகரில் பருப்பு மில், எண்ணெய் செக்கு, அருப்புக்கோட்டையில் விசைத்தறி. அந்த மிஷின் ஆரோக்கியமா இருக்கான்னு பார்க்கத் தெரியுறதும் உங்க பர்சனல் ஃபைனான்ஸில் ஒரு பகுதிதான். எப்படின்னு பார்ப்போம்.

ஒரே பேரிங், ரெண்டு பில்

முதலில் ஒரு உதாரணக் கணக்கு. விலைகளை உங்க ஊர் நிலவரத்துக்கு மாத்திக்கோங்க, கணக்குப் போடுற முறை மட்டும் அதேதான். பேப்பர், இங்க் செலவு போக ஒரு நாளைக்கு ரூ.12,000 கையில் நிற்கிற பிரஸ்னு வெச்சுக்குவோம்.

பேரிங் போகப்போகுதுன்னு முன்னாடியே தெரிஞ்சு, நாமளே நாள் குறிச்சு மாத்தினா:

- பேரிங்: ரூ.3,500
- மெக்கானிக் கூலி: ரூ.2,500
- அரை நாள் ஓட்டம் நஷ்டம்: ரூ.6,000
- மொத்தம்: ரூ.12,000

அதே பேரிங் ஓடும்போது உடைஞ்சா:

- பேரிங்: ரூ.3,500
- ஷாஃப்ட் தேஞ்சு லேத் பட்டறை வேலை, கூடவே போன கியர்: ரூ.45,000
- அவசரத்துக்கு வர்ற மெக்கானிக்: ரூ.8,000
- ஐந்து நாள் ஓட்டம் நஷ்டம்: ரூ.60,000
- மொத்தம்: ரூ.1,16,500

கிட்டத்தட்ட பத்து மடங்கு. கவனிங்க, ரெண்டு பில்லிலும் பேரிங் விலை அதே 3,500தான். மீதி ஒரு லட்சத்துக்கு மேல நாம கொடுத்தது "முன்னாடியே தெரியலை" என்பதுக்கான விலை. இதில் ஆர்டர் கை மாறிப்போன கணக்கு சேரலை. தீபாவளிக்கு லேபிள் தர முடியலைன்னா அந்தப் பட்டாசுக் கம்பெனி அடுத்த வருஷமும் வேற பிரஸ்ஸுக்குத்தான் போகும்.

மிஷின் "திடீர்னு" கெட்டுப்போறதில்லை

"நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு" என்பது எல்லாப் பட்டறையிலும் கேட்கிற வசனம். உண்மையில் பேரிங் பல வாரம் முன்னாடியே சொல்ல ஆரம்பிச்சிடும். நமக்குத்தான் அது கேட்கலை.

பேரிங் உள்ளே உருண்டை ஓடுற பாதையில் முதலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னப் பொரிவு வரும். அப்போ காதுக்குக் கேட்காத மிக உயர்ந்த அதிர்வெண்ணில் மட்டும் சத்தம் வரும், அதுக்குத் தனிக் கருவி வேணும். அடுத்த கட்டத்தில் அதிர்வு கூடும், அதை வைப்ரேஷன் மீட்டர் காட்டும். அப்புறம் கிரீஸிலும் ஆயிலிலும் உலோகப் பொடி தெரியும். அதுக்கு அப்புறம்தான் நம்ம காதுக்குச் சத்தம். கடைசியில் கை வைக்க முடியாத சூடு. அடுத்து புகை.

பராமரிப்புத் துறையில் இந்தக் கோளாறின் முதல் அறிகுறிக்கும் மிஷின் நிற்கிறதுக்கும் நடுவில் இருக்கிற காலத்தை "பி-எஃப் இடைவெளி"ன்னு சொல்வாங்க. காதையும் கையையும் மட்டும் நம்பினா, அந்த இடைவெளியின் கடைசித் துண்டுதான் நமக்குக் கிடைக்கும். சின்னக் கருவி ஒண்ணு இருந்தா வாரக் கணக்கில் அவகாசம் கிடைக்கும். அந்த அவகாசத்தில்தான் ரூ.1,16,500 பில்லை ரூ.12,000 ஆக்க முடியும்.

எவ்வளவு நாளைக்கு ஒருமுறை பார்க்கணும்? இடைவெளி நாலு வாரம்னா, மாசம் ஒரு தடவை பார்த்தால் தப்பவிட வாய்ப்பு உண்டு. அதில் பாதி, அதாவது ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவையாவது பார்க்கணும். வாரம் ஒரு தடவைன்னா இன்னும் நிம்மதி.

"வருஷத்துக்கு ஒரு தடவை எல்லாத்தையும் கழட்டிப் பார்த்துடலாமே?"

நல்ல கேள்வி. 1978-ல் அமெரிக்காவின் யுனைடெட் ஏர்லைன்ஸைச் சேர்ந்த நவ்லன், ஹீப் என்ற ரெண்டு பேர் விமானப் பாகங்களைப் பத்தி ஒரு அறிக்கை கொடுத்தாங்க. வயசாக ஆக தேஞ்சு கெட்டுப்போறது என்ற கணக்குக்குள் வந்த பாகங்கள் 11 சதவீதம்தான். 68 சதவீதம் பாகங்களில் கோளாறு வாய்ப்பு புதுசா மாட்டின உடனேதான் அதிகமா இருந்துச்சு, அப்புறம் குறைஞ்சு நிலையா போச்சு.

விமானமும் நம்ம பிரஸ்ஸும் ஒண்ணு இல்லைதான். ரப்பர் ரோலர், பெல்ட், பிளாங்கெட் எல்லாம் நிச்சயமா வயசால தேயும், அதுக்கு நாள் குறிச்சு மாத்துறது சரி. ஆனா நல்லா ஓடுற பேரிங்கையும் கியரையும் "சர்வீஸ் டைம் வந்துடுச்சு"ன்னு கழட்டினா, தூசி உள்ளே போகலாம், சுத்தியல் அடி படலாம், சாய்வா உட்காரலாம். நாமளே ஒரு புதுக் கோளாறைக் காசு கொடுத்து வாங்குறோம். கழட்டாமலே நிலைமையைப் பார்த்து, கெட்ட அறிகுறி வந்ததை மட்டும் கழட்டுறதுதான் "கண்டிஷன் மானிட்டரிங்". டாக்டர் பிபி பார்க்கிற மாதிரி. ஆபரேஷன் எல்லாருக்கும் வருஷா வருஷம் பண்றதில்லையே!

பேரிங் ஏன் ஆயுசுக்கு முன்னாடி போகுது?

நாலு காரணத்தைத் தெரிஞ்சுக்கோங்க. நாலுமே காசில்லாமல் தவிர்க்கக்கூடியது.

ஒண்ணு, பெல்ட் இறுக்கம். பால் பேரிங்கின் ஆயுள் அது மேல விழுற பளுவின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் போகும். பளு இரண்டு மடங்கானா ஆயுள் எட்டில் ஒரு பங்கு. வெறும் 25 சதவீதம் கூடினாலே ஆயுள் பாதியாகும். "நழுவுது, இன்னும் கொஞ்சம் டைட் வை" என்று சொல்ற ஒவ்வொரு தடவையும் இதை நினைச்சுக்கோங்க. நழுவுற பெல்ட்டுக்கு, பெல்ட் தேஞ்சிருக்கா, ரெண்டு புல்லியும் ஒரே நேர்கோட்டில் இருக்கான்னு முதலில் பார்க்கணும்.

ரெண்டு, கிரீஸ். குறைவா இருந்தாலும் தப்பு, நிறைய திணிச்சாலும் தப்பு. முழுக்க அடைச்சா, உருண்டைகள் கிரீஸைக் கடைஞ்சு கடைஞ்சு சூடாகும். பொதுவா உள்ளே இருக்கிற காலி இடத்தில் மூணில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை போதும். 70 டிகிரிக்கு மேல ஒவ்வொரு 15 டிகிரி சூடு கூடும்போதும் கிரீஸின் ஆயுள் பாதியாகும் என்பது பேரிங் கம்பெனிகளே சொல்ற கணக்கு. வேற வேற வகைக் கிரீஸைக் கலக்கவும் கூடாது.

மூணு, தூசி. பேப்பர் தூசி, ஸ்ப்ரே பவுடர், பருப்பு மில்லில் உமி. மோட்டார் ஃபேன் மூடியின் ஓட்டைகள் அடைச்சிருந்தா மோட்டார் மூச்சுத் திணறும். சாதாரண மோட்டார்கள் 40 டிகிரி சுற்றுவெப்பம் வரைக்கும்னு வடிவமைக்கப்பட்டவை. நம்ம ஊர் மே மாசத்தில் தகர ஷெட்டுக்குள்ளே அந்த எல்லை ஏற்கெனவே தாண்டிடும். மோட்டார் காயிலின் இன்சுலேஷனுக்கு ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் பாதி. ஒரு பிரஷ்ஷை எடுத்து வாரம் ஒரு தடவை தூசி தட்டுறது காயில் கட்டுற கூலியை மிச்சப்படுத்தும்.

நாலு, மூணு பேஸ் வோல்ட்டேஜ் சமமில்லாம வர்றது. உதாரணமா 415, 410, 390. சராசரி 405, அதிகபட்ச விலகல் 15. அதாவது 3.7 சதவீதம். இந்த சதவீதத்தின் வர்க்கத்தை ரெண்டால பெருக்கினா, மோட்டார் வெப்பம் எத்தனை சதவீதம் கூடும்னு தோராயமா கிடைக்கும். 3.7-ன் வர்க்கம் 13.7, அதை ரெண்டால பெருக்கினா 27 சதவீதம்! ஒரு பேஸ் மொத்தமா போனால் சில நிமிஷத்தில் காயில் கருகும். சிங்கிள் பேஸ் பிரிவென்ட்டர் இருக்கா, அதை யாராவது "தொல்லை பண்ணுது"ன்னு பைபாஸ் பண்ணி வெச்சிருக்காங்களான்னு பாருங்க.

ஒரு நோட்டு, மூணு கருவி

பெரிய ஆலைகளில் சென்சார், சாஃப்ட்வேர் எல்லாம் உண்டு. நம்ம ஒரு பிரஸ்ஸுக்கு அது தேவையில்லை. சில ஆயிரம் ரூபாய்க்குள் ஆரம்பிக்கலாம்.

1. இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர். கோவிட் நேரத்தில் நெத்தியில் காட்டினதில்லை, தொழிற்சாலை வகை. பளபளப்பான உலோகத்தில் இது குறைவாகக் காட்டும். அதனால் பேரிங் வீட்டின் மேல ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, எப்பவும் அதே இடத்தில், அதே தூரத்தில் அளங்க.

2. டாங் டெஸ்டர். மூணு பேஸ் கரண்ட்டையும் தனித்தனியா பாருங்க. 14, 14.2, 13.9 என்றால் சரி. திடீர்னு ஒண்ணு மட்டும் 17 என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. பேனல் போர்டைத் திறந்து அளக்கிற வேலை எலக்ட்ரீஷியனுடையது, உங்களுடையதில்லை.

3. பேனா மாதிரி வைப்ரேஷன் மீட்டர். இதுதான் மூணில் விலை கூடியது. முதலில் வாங்க வேண்டாம், பக்கத்துப் பிரஸ் நாலு பேர் சேர்ந்து வாங்கினாலும் போதும். சுமார் 20 ஹெச்பி வரையான சின்ன மோட்டார்களுக்கு ஐஎஸ்ஓ 10816 அட்டவணைப்படி விநாடிக்கு 0.71 மிமீ வரை மிக நல்லது, 1.8 வரை பரவாயில்லை, 4.5 வரை கவனம் தேவை, அதுக்கு மேல ஆபத்து.

ஆனா தனி ஒரு எண்ணைவிட, அது எந்தப் பக்கம் போகுது என்பதுதான் முக்கியம். அதுக்குத்தான் நோட்டு. தேதி, ஷெட்டின் வெப்பம், பேரிங் வெப்பம், ரெண்டுக்கும் வித்தியாசம். ஜனவரியில் ஷெட் 30, பேரிங் 52. வித்தியாசம் 22. மே மாசம் ஷெட் 40, பேரிங் 62. அதே 22தான், பயப்பட வேண்டாம். அதே மே மாசம் பேரிங் 75 காட்டினா வித்தியாசம் 35. அப்போ ஏதோ நடக்குது. நாலு வாரம் எழுதினாலே உங்க மிஷினோட "நார்மல்" எதுன்னு தெரிஞ்சிடும். அதிர்வு பழைய அளவைவிட ரெண்டு மடங்கானா மெக்கானிக்கைக் கூப்பிட நேரம் வந்தாச்சு.

இன்னொரு விஷயம். பத்து வருஷமா ஓட்டுற மிஷின்மேன் அண்ணனுக்குக் கருவியைவிட நிறையத் தெரியும். "ரெண்டாவது யூனிட்டில ஒரு மாதிரி சத்தம் வருது முதலாளி"ன்னு அவர் சொல்லியிருப்பார், யாரும் எழுதி வெச்சிருக்க மாட்டாங்க. அந்த நோட்டில் அவருக்கும் ஒரு பத்தி விடுங்க.

பேரிங் நம்பரையும் நோட்டில் எழுதுங்க. 6205 என்றால் கடைசி ரெண்டு எண்ணை ஐந்தால பெருக்கினா உள்விட்டம், 25 மிமீ. 6208 என்றால் 40 மிமீ. (04-லிருந்து மேல இந்தக் கணக்கு சரியா வரும்.) அடைப்பு வகை, சி3 மாதிரி பின்னால வர்ற எழுத்துகளையும் விடாமல் எழுதுங்க. முக்கியமான ரெண்டு பேரிங் வீட்டில் ஸ்பேரா இருக்கட்டும். அங்கீகரிக்கப்பட்ட டீலர்கிட்ட பில்லோடு வாங்குங்க. டூப்ளிகேட் பேரிங்கில் மிச்சம் பிடிக்கிற ஐநூறு ரூபாய் திரும்ப அந்த ரூ.1,16,500 பில்லாத்தான் வரும்.

எப்போ நிறுத்துறது? சிவகாசி காலண்டரே சொல்லும்

1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழில் கத்துக்கிட்டு வந்தாங்க. தீப்பெட்டிக்கு லேபிள் வேணும், பட்டாசுக்கும் லேபிள் வேணும் என்றுதான் இங்கே அச்சுத் தொழில் வளர்ந்துச்சு. அதனால் நம்ம பிரஸ்ஸுக்கு சீசன் உண்டு. ஆடிப்பெருக்கு அன்னைக்கு காலண்டர் ஆல்பம் வெளியானா, டிசம்பர் வரை மூச்சு விட நேரமில்லை. நடுவில் தீபாவளி வேலை. ஜூனுக்கு முன்னாடி நோட்டுப் புத்தகம்.

பெரிய வேலைகளைப் பொங்கல் முடிஞ்ச கையோடு வெச்சுக்கோங்க. ஜூலையில், ஆடி 18-க்கு முன்னாடி, எல்லா அளவையும் ஒரு தடவை முழுசா எடுங்க. சந்தேகமான பேரிங்கை அப்போவே மாத்துங்க. அக்டோபரில் வர்ற போன் பெரும்பாலும் ஜூலையிலேயே நோட்டில் எழுதப்பட்டிருக்கும்.

இப்போ பணம்: மிஷின் ஃபண்ட்

ஆடிட்டர் வருஷா வருஷம் மிஷினுக்கு 15 சதவீதம் தேய்மானம் காட்டுவார். அதனால் வரி குறையும். ஆனா அது பேப்பரில்தான். அந்தப் பணத்தை யாரும் தனியா எடுத்து வைக்கிறதில்லை, வீட்டுச் செலவில் கலந்திடுது. மிஷின் கேட்கும்போது கையில் இருக்காது.

ஒரு உதாரணம் போடுவோம்:

- ரோலர் ரப்பர் மாத்த ரூ.80,000, ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை: மாசம் ரூ.3,333
- பிளாங்கெட், பெல்ட், பேரிங் வருஷம் ரூ.20,000: மாசம் ரூ.1,667
- போர்டு, சென்சார் ரூ.90,000, ஐந்து வருஷத்துக்கு: மாசம் ரூ.1,500
- மோட்டார் காயில் ரூ.24,000, நாலு வருஷத்துக்கு: மாசம் ரூ.500
- மொத்தம்: மாசம் ரூ.7,000

மாசம் 25 நாள் ஓட்டம்னா ஒரு நாளைக்கு ரூ.280.

இப்போ மறுபக்கம். ரூ.2 லட்சம் பர்சனல் லோன், 14 சதவீத வட்டி, மூணு வருஷம். இஎம்ஐ சுமார் ரூ.6,835. மொத்தம் கட்டுறது ரூ.2,46,000. ரெண்டும் மாசம் கிட்டத்தட்ட ஒரே தொகை! ஆனா ஃபண்ட் எல்லாப் பாகத்துக்கும் முன்கூட்டியே தயாரா நிற்கும். லோன் ஒரே ஒரு பிரேக்டவுனுக்குப் போயிட்டு, மேல 46,000 வட்டி கேட்கும். அதுவும் உங்க சிபில் ஸ்கோரில்.

முக்கியமான விஷயம், இந்த ரூ.7,000 பிரஸ் வருமானத்திலிருந்து வரணும், உங்க சம்பளத்திலிருந்து இல்லை. பிரஸ் பெயரிலேயே ஒரு ஆர்டி போதும். தினம் ரூ.280 எடுத்து வைக்க பிரஸ்ஸால் முடியலைன்னா, கசப்பா இருந்தாலும் உண்மையைப் பார்க்கணும். அந்த பிரஸ் லாபத்தில் ஓடலை, தன் மிஷினையே தின்னுக்கிட்டு ஓடுது. வித்தியாசத்தை உங்க சம்பளம் நிரப்புது. அச்சுக் கூலியை ஏத்துறதா, வேலை வகையை மாத்துறதா, மிஷினைக் குறைக்கிறதான்னு அப்பாவோட உட்கார்ந்து பேச வேண்டிய நேரம் அதுதான். இன்னும் ரெண்டு லட்சம் அனுப்புற நேரம் இல்லை.

இன்சூரன்ஸ் இருக்கேன்னு சொல்வீங்க. சின்ன யூனிட்டுகளுக்கு 2021-லிருந்து இருக்கிற பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா பாலிசி தீ, வெள்ளம் மாதிரி ஆபத்துகளுக்கு. மிஷின் தானா உடைஞ்சா அது கொடுக்காது. அதுக்கு "மெஷினரி பிரேக்டவுன்" பாலிசி தனியா எடுக்கணும். அதிலும் சாதாரணத் தேய்மானத்துக்குப் பணம் கிடையாது. எதிர்பாராத சேதம்தான்னு காட்ட, நீங்க எழுதின நோட்டு உதவும்.

ஒரு எச்சரிக்கை

அளக்கிறது ஓடும்போது, கை வைக்கிறது நிறுத்தின பிறகு. மெயினை ஆஃப் பண்ணி, ஃபியூஸைப் பிடுங்கி பாக்கெட்டில் போட்டுக்கிட்டு அப்புறம்தான் கார்டைக் கழட்டணும். பேப்பர் கட்டிங் மிஷினில் ரெண்டு கை சுவிட்சை யாராவது பைபாஸ் பண்ணியிருந்தா, இந்தக் கட்டுரையில் மத்ததை எல்லாம் விட்டுட்டு அதை முதலில் சரி பண்ணுங்க.

பட்டாசு ஆலையில் இந்தக் கருவிகளோட நுழையவே கூடாது. மருந்து இருக்கிற அறைக்கு செல்போனுக்கே அனுமதி கிடையாது. உராய்வு, நிலைமின்சாரம், சூடான ஒரு பேரிங், எதுவும் அங்கே பணக் கணக்கில் வராது, உயிர்க் கணக்கில்தான் வரும். 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி விபத்தை நம்ம ஊரில் யாரும் மறக்கலை. அங்கே எந்தக் கருவி, எந்த மோட்டார் என்பதை 2008 வெடிபொருள் விதிகளின்படி உரிமம் பெற்ற நிர்வாகமும் ஃபோர்மேனும்தான் முடிவு பண்ணணும்.

அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது

"இனிமே பணம் தர மாட்டேன்ப்பா"ன்னு ஆரம்பிக்காதீங்க. இருபது முப்பது வருஷம் அந்த மிஷினை ஓட்டித்தான் உங்களைப் படிக்க வெச்சிருக்கார். ஒரு தெர்மாமீட்டரும் நூறு பக்க நோட்டும் வாங்கிட்டுப் போங்க. சனிக்கிழமை காலை மிஷின்மேன் அண்ணனோட ஒரு மணி நேரம் சுத்துங்க. பேரிங் நம்பர், மோட்டார் பிளேட், மூணு பேஸ் கரண்ட், டேப் ஒட்டின இடங்களின் வெப்பம். அப்புறம் வாரா வாரம் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்க. எக்செல் வேலை உங்களுடையது, அதுதான் உங்களுக்குத் தெரியுமே.

உங்க எமர்ஜென்சி ஃபண்ட் உங்க வேலை போனால், உடம்புக்கு முடியாமல் போனால் எடுக்கிறதுக்கு. மிஷினுக்கு அதோட சொந்த ஃபண்ட் இருக்கட்டும். அப்புறம் அக்டோபரில் அப்பா போன் பண்ணா, தீபாவளிக்கு எப்போ பஸ் ஏறுறேன்னு கேட்கத்தான் இருக்கும்.